பல் போன இடம்

பல் போனால் சொல் போகும் என்பது நம்மவர் பழமொழி. பல் போனால் எலும்பும் போகும் என்பதை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் பார்த்தவன் நான். வெட்டும் பல், வேட்டைப்பல், கடைவாய்ப்பல் என்று கரும்பலகையில் வரைந்து வகை பிரித்துக் காட்டியவன். ஆயினும், பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு அந்தப் பல்லுக்காகவே உயிர் வாழ்கின்றது, பல் நீங்கியதும் தனக்கு இனி இங்கே வேலையில்லையென்று மெல்ல மெல்லக் கரைந்து போகின்றது என்ற உண்மையை எழுபது வயது கடந்த பின்னரே அறிந்தேன். அறிய வைத்தது, என் மேல்வாயின் முன்புறத்தில் இரண்டு பற்கள் இருந்த இடம்.

1990ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் தீவகம் போர்க்களமாயிற்று. எழுவைதீவிலே பிறந்து வளர்ந்த நானும் மறு ஆண்டில் மனைவி மக்களோடு கடல் கடந்து, குடாநாட்டுப் பாடசாலையொன்றின் வகுப்பறையில் ஒதுங்கினேன். நான் கற்பித்துப் பழகிய மேசைகளைப் போன்ற மேசைகளை அடுக்கித் தடுப்பாக்கி, அதன் பின்னால் என் குடும்பம் உறங்கிற்று. பொருளாதாரத் தடைக் காலம் அது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மருந்தும் ஒரே பட்டியலில் அடங்கிக் கிடந்தன. அந்நாளில் மேல்வாயில் சீழ் கட்டி, முகம் ஒரு புறம் பூசணிக்காயாக வீங்கிற்று. உப்புத் தண்ணீரும் கராம்பும் நான்கு நாட்கள் தாக்குப் பிடித்தன. ஐந்தாம் நாள் பல் பிடுங்குமிடத்து வரிசையிலே போய் நின்றேன்.

அது எந்த இடம், பிடுங்கியவர் யார் என்பதெல்லாம் இங்கே வேண்டியதில்லை. விறைப்பு மருந்து கொஞ்சமே மிச்சமிருந்தது. எனக்குப் பின்னால் வரிசை வாசலுக்கு வெளியேயும் நீண்டிருந்தது. அவசரத்தில் இரண்டு பற்கள் வந்தன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு வெளிப்புற எலும்பின் ஒரு சிம்பும் வந்தது. அதை அவர் வாளிக்குள் போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கின்றது. எனக்குக் கோபம் வரவில்லை. வலி தீர்ந்ததே என்ற நன்றிதான் வந்தது. நாங்கள் அந்த ஆண்டுகளில் எதற்கெல்லாம் நன்றி சொல்லப் பழகிக்கொண்டோம் என்பதை நினைத்தால் இப்பொழுதுதான் கோபம் வருகின்றது.

பின்பு மூன்று தசாப்தங்கள், கழற்றிப் பூட்டும் ஒரு கட்டுப்பல். தொல்காப்பியர் தகரத்துக்கும் நகரத்துக்கும் பிறப்பிடமாகக் காட்டும் அண்பல், அதாவது மேற்பல்லின் அடி, எனக்கு ஒரு பிளாஸ்திக்குத் தகடாயிற்று. தமிழ் என்று சொல்லவே அந்தத் தகட்டின் தயவு வேண்டியிருந்தது. சில வேளைகளில் பாடம் நடத்தும்போது அது நழுவும். முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிவார்கள். நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்தக் கதை கனடாவிலிருக்கும் என் தங்கையின் மகளுக்குத் தெரியாது. அவள் கண்டது ஒரு கலியாணப் படத்தைத்தான். “மாமா, எல்லாரும் சிரிக்கினம், நீங்கள் மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்?” என்று தொலைபேசியிற் கேட்டாள். மறு மாதம் பணம் வந்தது. பல் நாட்டும் சிகிச்சைக்கென்றே வந்த பணம். வேறெதற்கும் செலவழிக்கக் கூடாது என்ற கட்டளையோடு வந்த பணம்.

எழுவைதீவிலிருந்து பல் வைத்தியரைக் காண வேண்டுமாயின் முதலில் கடலைக் கேட்க வேண்டும். சோழகம் வீசும் மாதங்களில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போகும் வள்ளம் போவதும் போகாததும் காற்றின் விருப்பம். வாடை மாதங்களிலும் அதே கதைதான். ஊர்காவற்றுறையில் இறங்கி, பஸ் பிடித்து, வேலணை கடந்து, பண்ணைப் பாலத்தால் நகரத்துக்குள் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். ஒரு பல்லுக்கு ஒரு நாள்; கூலிக்குப் போகிறவனுக்கு ஒரு நாட் சம்பளம். தீவகத்து மக்கள் பல்லைக் காப்பாற்றுவதைவிடப் பிடுங்கி எறிவதையே ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. காப்பாற்றப் பல முறை போக வேண்டும். பிடுங்க ஒரு முறை போனால் முடிந்தது.

நகரத்தில் நான் தேடிச் சென்ற பல் வைத்தியர், என்னிடம் ஐந்தாம் வகுப்பிற் படித்த பிள்ளை. பேராதனையில் பட்டம் பெற்று வந்தவர். “சேர், வாயைத் திறவுங்கோ” என்று மாணவி சொல்ல ஆசிரியன் கீழ்ப்படிந்தேன். சி.ரி. படம் எடுத்துக் கணினித் திரையில் என் தாடையைத் துண்டு துண்டாகக் காட்டினார். பல் இருந்த காலத்தில் அகன்ற வயல் வரம்பாக இருந்திருக்க வேண்டிய எலும்பு, மழை கரைத்த வரம்பாக, உச்சியில் மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் நின்றது. நாட்ட வேண்டிய தைத்தேனியத் திருகின் பருமன் ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர்; அதற்கு வெளியேயும் உள்ளேயும் ஒன்றரை இரண்டு மில்லிமீற்றர் எலும்பு உயிரோடு இருக்க வேண்டும். கணக்கு உதைக்கிறது என்பதை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன்.

“முதலில மண் போட்டு வரம்பு கட்ட வேணும் சேர். பிறகுதான் நாத்து நடலாம்” என்றார். தோட்டக்காரன் பிள்ளைக்கு உவமை தேடப் புத்தகம் தேவையில்லை.

பல் பிடுங்கிய இடத்தில் முதல் ஓராண்டுக்குள்ளேயே எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது, அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடுகின்றது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருப்பதாக அவர் விளக்கினார். மேல்வாயின் முன்புறத்தில் உதட்டுப் பக்கத்து எலும்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் இல்லாத மெல்லிய சுவர். பல்வேரின் இரத்த ஓட்டத்தைப் பங்கிட்டே அது வாழ்கின்றது. என் விடயத்தில் அந்தச் சுவரின் ஒரு பகுதி 1991ஆம் ஆண்டே வாளிக்குள் போய்விட்டது. எலும்பு கரையக் கரைய அதன் மேலிருந்த முரசும் உள்வாங்கிச் சுருங்கிற்று. எலும்பு சுவரென்றால் முரசு அதன் சாந்து. இரண்டையும் கட்டியெழுப்பாமல் திருகை முறுக்கினால் அது நாளடைவில் வெளியே தலைகாட்டும்.

தைத்தேனியத்துக்கும் எலும்புக்கும் உள்ள உறவு கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. 1952இல் சுவீடன் நாட்டுப் பிரானெமார்க் என்ற ஆய்வாளர், முயலின் காலெலும்புக்குள் தைத்தேனியக் கூடொன்றைப் பதித்துக் குருதியோட்டத்தைக் கவனித்தார். வேலை முடிந்து கூட்டை எடுக்கப் போனால் அது வரவில்லை. எலும்பு அதைத் தன்னில் ஒன்றாக்கிக்கொண்டுவிட்டது. 1965இல் கோஸ்டா லார்சன் என்ற மனிதருக்கு அவர் முதன்முதலாகப் பல் நாட்டினார். லார்சன் 2006இல் இறக்கும் வரை அந்தத் திருகுகள் அவர் தாடையில் வேலை செய்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல்! என் கட்டுப்பல்லோ நாற்பது நிமிடப் பாடத்தைத் தாங்கவில்லை.

மகிழ்ச்சியான இந்தக் கதைக்கு மறுபுறமாக இன்னொரு கதை உண்டு. அதையும் அந்தப் பெண்ணே சொன்னார். சொல்லும்போது குரல் தாழ்ந்தது. முரசு நோயினால் பல்லைத் தாங்கும் எலும்பு மனிதனுக்கு எவ்வாறு அழிகின்றது என்பதைப் பற்றி உலகப் பல் வைத்தியக் கல்லூரிகள் அனைத்திலும் படிக்கும் ஆய்வொன்று, நம் நாட்டின் மலையகத்திலே, தமிழ்த் தொழிலாளரின் வாயிலே நடத்தப்பட்டது. நோர்வேயைச் சேர்ந்த ஹரல்ட் லோவும் அவர் தோழர்களும் 1970ஆம் ஆண்டு இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை பின்தொடர்ந்தார்கள். பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் எட்டாத மனிதரிடத்தில் நோய் தன் போக்கில் எப்படி வளர்கின்றது என்று அறிவதே நோக்கம். 1986இல் முடிவு வந்தது. நூற்றில் 8 பேருக்கு நோய் வெகு வேகமாகப் பரவிற்று. 81 பேருக்கு நடுத்தர வேகம். 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் போகவேயில்லை. வேகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் நாற்பத்தைந்து வயதளவில் வாயிலிருந்த எல்லாப் பற்களையும் இழந்தார்கள்.

இதே லோ 1965இல் டென்மார்க்கில் வேறொன்றை நிரூபித்தவர். நல்ல பற்களுள்ள மாணவர்களைத் துலக்காமலிருக்கச் சொன்னார். மூன்று வாரங்களுக்குள் முரசு வீங்கிற்று. திரும்பத் துலக்கியதும் சில நாட்களில் நலமாயிற்று. ஆகவே, தோட்டத்து ஆய்வு தொடங்கிய காலத்திலேயே, வீக்கத்தைத் தடுக்கும் மருந்து என்னவென்று உலகுக்குத் தெரியும்: ஒரு தூரிகையும் அதைப் பிடிக்கக் கற்பிக்கும் ஒரு மனிதரும்.

நான் எழுபதுகளின் பிற்பகுதியில் மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பித்தவன். லயக் காம்பராக்களின் வாசலில் வெற்றிலை மென்றபடி எனக்குத் தேநீர் தந்த முகங்களை நினைத்துப் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயதில் முன்பல் ஆடிய தகப்பன்மார் எத்தனை பேர்! அவர்களை நான் வயதானவர்கள் என்றே எண்ணினேன். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி யார் போவது யார் இருப்பது என்று கணக்கெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த மக்கள். நாடு அவர்களுக்கு வாக்குச்சீட்டையும் தரவில்லை, பல் தூரிகையையும் தரவில்லை. ஆராய்ச்சியை நான் பழிக்கவில்லை. அந்த எண்களால் உலகெங்கும் எத்தனையோ பேரின் பற்கள் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் பதினைந்து ஆண்டுகள் பல் வைத்தியம் எட்டாத மனிதரை ஆய்வாளர் தேடியபோது, தேடிக் களைக்காமலே அவர்களைத் தரக்கூடிய நாடாக நம் நாடு இருந்தது. கொழுந்து பறித்த பெண்கள் அந்தக் கணக்கிலும் இல்லை. 2010இல் மீண்டும் போய்த் தேடியபோது எழுபத்தைந்து பேரைப் பரிசோதிக்க முடிந்ததாம். அவர்கள் வயதுதான் இப்பொழுது எனக்கு.

இனி என் வரம்புக்கு வருகிறேன். மண் எங்கிருந்து எடுப்பது?

வைத்தியர் நான்கு வழி சொன்னார். ஒன்று, என் சொந்த எலும்பு: கீழ்த்தாடையின் பின்கோடியிலிருந்தோ மோவாயிலிருந்தோ சுரண்டியெடுப்பது. இரண்டு, இறந்தபின் தானமாகக் கொடுத்த மனிதரின் எலும்பு. மூன்று, மாட்டின் எலும்பு. நான்கு, ஆய்வுகூடத்திற் செய்த கல்சியம் பொசுபேற்றுத் துணிக்கை. சொந்த எலும்பில் உயிர்க்கலங்கள் உண்டு, விரைந்து வளரும். ஆனால் விரைந்து கரையவும் கூடும். மாட்டெலும்பு மெதுவாகவே கரையும். கட்டிய உருவத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் இரண்டையும் கலந்து இடுவதே தம் வழக்கம் என்றார். மேலே மூட ஒரு கொலாஜன் மென்சவ்வு வேண்டும். முரசின் கலங்கள் எலும்பின் கலங்களைவிட வேகமாக ஓடி இடம்பிடிப்பவை. மென்சவ்வு வேலியாக நின்று அவற்றைத் தடுத்தால்தான் எலும்பு ஆறுதலாக உள்ளே வளரும். அந்த மென்சவ்வு பன்றியிலிருந்து வருவது.

பசுவும் பன்றியும் ஒரே வாய்க்குள்! 1857இல் இந்தியச் சிப்பாய்கள் தோட்டா உறையின் கொழுப்புக்காகக் கிளர்ந்த வரலாற்றை வகுப்பிலே நடித்துக் காட்டியவன் நான். முற்போக்குப் பேசுகிறவன், கோயிற் கதவு எல்லாருக்கும் திறக்க வேண்டுமென்று ஊரிலே சண்டை பிடித்தவன். ஆயினும், உண்மையைச் சொன்னாலென்ன, அந்த நாற்காலியிற் சாய்ந்திருந்த எனக்குள்ளே என் ஆச்சி எழுந்து உட்கார்ந்துகொண்டார். ஓர் இரவு முழுவதும் அவரோடு வாதாடினேன். மாட்டெலும்பிலிருந்து இறைச்சியும் கொழுப்பும் புரதமும் நீக்கி, சூடேற்றி, வெறும் கனியத்தை மட்டுமே எஞ்ச விடுகிறார்கள். சாணத்தை எரித்த நீற்றை நெற்றியில் அள்ளிப் பூசுகிறவர்கள் அதே பசுவின் எலும்பு நீற்றுக்கு அஞ்சுவது என்ன நியாயம் என்று கேட்டேன். ஆச்சி பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை.

மறுநாள் வைத்தியரிடம், எங்கள் கடலிலேயே ஏதும் இல்லையா என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்டதற்கு உண்மையான பதில் கிடைத்தது. 1974இல் அமெரிக்காவில் ரோய் என்ற அம்மையாரும் லினெகன் என்பவரும், முருகைக்கல்லின் கல்சியம் காபனேற்றை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் எலும்பின் கனியமாகிய ஐதரொட்சி அபற்றைற்றாக மாற்றிக் காட்டினார்கள். முருகைக்கல்லின் நுண்துளைகள் எலும்பின் துளைகளை ஒத்தவை; இரத்தக் குழாய்கள் அவற்றினூடே நுழைந்து வளரும். அந்த முறையிற் செய்த துணிக்கைகள் பின்னர் வைத்தியத்துக்கும் வந்தன. நான் வாயடைத்துப் போனேன். நெடுந்தீவிற்குப் போனவர்கள் முருகைக்கல் மதில்களைக் கண்டிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தீவகத்தார் அதை அடுக்கி வேலி கட்டினோம், சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், அந்தச் சுண்ணாம்பை வெற்றிலையிலே தடவிப் புகையிலையோடு மென்று முரசைக் கெடுத்துக்கொண்டோம். போன எலும்புக்கு அதுவே மாற்றாகுமென்று மாத்திரம் எவருக்கும் தெரியவில்லை.

தானமாகக் கிடைக்கும் மனித எலும்பைப் பற்றியும் கேட்டேன். கண் தானத்துக்குப் பேர்போன நம் நாட்டில், 1996இல் கொழும்பிலே மனித இழைய வங்கியொன்று தொடங்கப்பட்டது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியோடு, கதிர்வீச்சினால் கிருமி நீக்கி எலும்பையும் தோலையும் பதப்படுத்தும் வங்கி. 1996ஆம் ஆண்டு! நாங்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகளில், முன்பின் அறியாத யாரோ ஒருவருக்குத் தன் எலும்பை எழுதி வைத்துவிட்டு இறந்தவர்களும் இந்தத் தீவில் இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் வைத்தியரின் வழக்கப்படியே நடந்தது. என் தாடையின் பின்கோடியிலிருந்து சுரண்டிய எலும்பும் மாட்டெலும்புத் துணிக்கையும் கலந்து அப்பி, மென்சவ்வால் மூடி, முரசை இழுத்துத் தைத்தார். ஒன்றரை மணி நேரம். இம்முறை விறைப்பு மருந்து தாராளமாக இருந்தது. வலியில்லாமல் என் எலும்பு சுரண்டப்படும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாளிக்குள் விழுந்த அந்தச் சிம்பை நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் எலும்பு முதிர வேண்டும். பின்பு திருகு. அது பிடிக்க மூன்று நான்கு மாதம். இடையில், அண்ணத்திலிருந்து ஒரு கீற்று இழையம் எடுத்து முரசைத் தடிப்பாக்க வேண்டும். ஒரு பிள்ளை பிறந்து தவழும் காலம்.

எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு இலட்சங்களில். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிலே பல்லைப் பிடுங்குவதற்குப் பணமில்லை. அது பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் பிடுங்கிய இடத்தைக் கட்டியெழுப்ப, கடலுக்கு அப்பால் மருமகள் ஒருத்தி இருக்க வேண்டும். மருமகள் இல்லாதவன் என்ன செய்வான்?

அப்படி ஒருவன் என் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளியே இருக்கிறான். மச்சான் முறையானவன், என்னோடு படித்து, நான்காம் வகுப்போடு வள்ளம் ஏறியவன். வாயில் ஒரு பல்லும் இல்லை. கட்டுப்பல் வாங்கி வைத்திருந்தான். கீழ்ப்பல் நிற்காது, கதைக்கும்போது கடலில் விழுந்துவிடும் என்று சுருட்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். கட்டுப்பல் அணிவோரிடத்தில் கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரைவதாக, இருபத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1972இலேயே காட்டியதாம். அதனால்தான் கீழ்ப்பல் நிற்பதில்லை. இவனோ ஒடியற் கூழ் குடிக்கிறான். புழுக்கொடியலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தையல் போட்டு வந்த வாரத்தில் எனக்கும் கூழ்தான் சாப்பாடு. ஒரே சட்டியிலிருந்து இருவரும் குடித்தோம். “உனக்குப் பத்து நாளைக்கு. எனக்குப் பன்ரெண்டு வரியமாச்சு” என்றான். குற்றம் சாட்டும் குரலில்லை. மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மிச்சப் பணத்தில், என் இரண்டு பற்களுக்குப் பதிலாக அவனுக்கு இரண்டு திருகு நாட்டலாமா என்று கேட்டேன். பல் முழுவதும் இழந்தவரின் கீழ்த்தாடைக்கு இரண்டு திருகும் அவற்றின் மேற் பொருத்தும் கட்டுப்பல்லுமே முதற் சிகிச்சையாக இருக்க வேண்டுமென்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள் என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. “மாமா, உங்கட வாய்க்குள்ள போட்ட எலும்பை என்ன செய்யிறது?” என்றாள். திருகு நாட்டாவிட்டால் அதுவும் கரைந்துவிடும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு விடை தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அந்த வைத்தியப் பிள்ளை தோழிகள் இருவரோடு வள்ளத்தில் எழுவைதீவுக்கு வந்தார். 1950களிலிருந்தே நியூசிலாந்து முறையைப் பின்பற்றி மகரகமையிற் பயிற்றப்பட்ட பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இந்நாட்டிலுண்டு. அந்தச் சேவை கடற்கரையோடு நின்றுவிடக் கூடாது என்று நான் பல தடவை புலம்பியதை அவர் மறக்கவில்லை. பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளைச் சின்னக் கதிரையில் இருத்தி, கைவிளக்கும் கண்ணாடியும் கொண்டு வாயைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு தூரிகை கொடுத்தார்கள். நான் பெயர் எழுதினேன்.

எல்லாம் முடியும் வேளையில் மச்சான் வாசலிலே நின்றான். வள்ளக்காரர் அவசரப்படுத்துவதாகச் சொல்ல வந்தவன். வைத்தியர் அவனை அழைத்து அந்தச் சின்னக் கதிரையில் இருக்கச் சொன்னார். முழங்கால் இரண்டும் நெஞ்சைத் தொட, வாயைத் திறந்துகொண்டு இருந்தான். விரலால் கீழ்த்தாடையை நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

“பின்னுக்கு ஒண்டும் மிச்சமில்லை, ஐயா. முன்னுக்கு இருக்கு. மோவாய்ப் பக்கம் எலும்பு நல்லாய்த்தான் நிக்குது. படம் எடுத்துப் பாக்க வேணும்.”

“அங்க மண் போடத் தேவையில்லையோ?” என்று நான்தான் கேட்டேன்.

“தேவைப்படாது எண்டு நினைக்கிறன், சேர்.” பின்பு அவன் பக்கம் திரும்பி, “ஐயாவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ? ஒரு நாளைக்கு எத்தனை சுருட்டு?” என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல விரல் மடித்து எண்ணத் தொடங்கினான். ஒரு கை முடிந்து மறு கைக்கு வந்தபோது, இறங்குதுறையிலிருந்து வள்ளக்காரரின் கூப்பாடு கேட்டது.